சோலார் ரெத்தினமும் ஏர் வென்ட் மூடியும்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் திரு. தமிழரசன் அவர்களே, பொருளாளர் அவர்களே, அன்றாட வேலையைப் போட்டுவிட்டு வலங்கைமானிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் வந்திருக்கும் குழாய்த் தொழிலாளத் தோழர்களே, முன்வரிசை நாற்காலி வேண்டாமென்று மூன்றாம் வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும், ரெத்தினம் அண்ணனின் துணைவியார் அகிலாண்டம் அக்கா அவர்களே, உங்கள் எல்லோர் மீதும் சாந்தி நிலவட்டும். நான் ஜாஃபர் சாதிக். இந்தச் சங்கத்தின் செயலாளர். இருபத்திரண்டு வருடமாகக் கும்பகோணத்தில் குழாய் வேலை பார்க்கிறேன். அதில் பதினாறு வருடம், படத்தில் மாலைக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அந்த ரெத்தினம் அண்ணனோடு மாடி மாடியாக ஏறி இறங்கியவன்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். மாமனிதர் என்றார் ஒருவர். சூரியனையே வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என்றார் இன்னொருவர். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று ஐந்து பேரும் சொன்னார்கள். வாசலில் கட்டியிருக்கும் பேனரைப் பார்த்தீர்களா? செத்தவர் படம் தபால் தலை அளவு. கண்ணீர் வடிக்கும் நம் படங்கள் ஆளுயரம். அதில் என் படமும் இருக்கிறது. போன மாதம் வரை அண்ணனின் போன் வந்தால் எடுக்காத முகங்கள் அவை.

என்ன பாய் இப்படி ஆரம்பிக்கிறாரே என்று பார்க்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஏழு மாதமாக ஒரு கடிதம் ஒட்டியிருக்கிறது. "திருவிடைமருதூர் வீட்டில் நடந்த விபத்துக்கு சோலார் சாதனம் மாட்டிய ரெத்தினத்தின் கவனக்குறைவே காரணம். அவர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்." இவ்வளவுதான் வாசகம். அதை யாரும் கிழிக்கவில்லை. இன்று காலை அதற்கு முன்னால் ஒரு மலர்வளையத்தைச் சாய்த்து வைத்து மறைத்திருக்கிறோம். போய்ப் பாருங்கள், சாமந்திப் பூவுக்குப் பின்னால் சங்கத்தின் முத்திரை தெரியும். இதைவிட அசிங்கம் ஒன்று உண்டா?

கூட்டத்துக்கு அழைக்கப் போனபோது அகிலாண்டம் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மால போடுங்க, பேசுங்க, எது வேணாலும் செய்யிங்க தம்பி. அந்தக் காயிதத்த எடுத்துட்டுச் செய்யிங்க. என் பொண்ணு அந்தப் பக்கம் பஸ்ஸுல போறப்ப தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போகுது." ஆகவே நான் இன்று பேசப்போவது அண்ணனின் புகழை அல்ல. அந்தக் கடிதத்தைப் பற்றித்தான்.

ஒரு வீட்டில் சோலார் வெந்நீர் சாதனம் எப்படி மாட்ட வேண்டும் என்று இங்கே இருக்கும் முக்கால்வாசிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரெத்தினம் அண்ணன். அவர் எப்படி மாட்டுவார்? வீட்டுக்குள் நுழைந்ததும் காபி குடிக்க மாட்டார். நேரே மாடிக்குப் போவார். தென்னை நிழல் எங்கே விழுகிறது, பக்கத்து வீட்டு மாடியறை எத்தனை மணிக்கு மறைக்கிறது என்று பார்ப்பார். தெற்கு முகமாக நிற்க இடம் இருக்கிறதா? குளிர்நீர்த் தொட்டி, வெந்நீர் டேங்கைவிட உயரத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் தொட்டியைத் தூக்கி வைத்த பிறகுதான் கை வைப்பார். வாஸ்துக்காரர் சொன்னார் என்று அக்னி மூலையில், வேப்பமரத்து நிழலில் வைக்கச் சொன்ன ஒரு வீட்டில், "வைக்கிறேன், வெந்நீரை வாஸ்துக்காரரு கொண்டாந்து ஊத்துவாரா?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

நம்மில் பலர் என்ன செய்கிறோம்? டிரில்லைப் போட்டுத் தட்டோட்டைத் துளைத்து ஸ்டாண்டை முறுக்கிவிட்டு வந்துவிடுகிறோம். ஐப்பசியில் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிப் படுக்கையறைச் சுவர் பூத்துப்போகிறது. அண்ணன் தளத்தைத் துளைக்கவே மாட்டார். நான்கு கான்கிரீட் கட்டைகள் வார்த்து, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி இறுக விட்டு, அதன்மேல்தான் ஸ்டாண்டை நிறுத்திப் போல்ட் போடுவார். கஜா புயலில் தென்னைகள் விழுந்தன, கூரைகள் பறந்தன. அவர் நிறுத்திய ஸ்டாண்டு ஒன்றுகூட நகரவில்லை. நான் நிறுத்தியதில் இரண்டு, பக்கத்து வயலில் கிடந்தன. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியது வேறு இருக்கிறது.

கண்ணாடி டியூபுகளைச் சோப்புத் தண்ணீர் தொட்டு, ஒவ்வொன்றாகத் திருகித் திருகி ஏற்றுவார். ஏற்றிய டியூபின் மேல் உடனே சாக்கைப் போர்த்துவார். வெயிலில் காய்ந்த டியூபுக்குள் குளிர்ந்த தண்ணீர் விட்டால் வெடித்துவிடும் அல்லவா? அதனால் மறுநாள் விடியற்காலையில் வந்துதான் தண்ணீர் நிரப்புவார். நிரம்பிய பிறகு அன்று முழுக்க அந்த வீட்டை விட்டுப் போகமாட்டார். சாயங்காலம் முதல் வாளி வெந்நீரில் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்குவார்.

கடைசியாக வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு குழாயைக் காட்டுவார். டேங்கின் உச்சியிலிருந்து நேராக மேலே போய், குளிர்நீர்த் தொட்டியையும் தாண்டி நிற்குமே, ஏர் வென்ட் குழாய். "இது எப்பவும் தொறந்தே இருக்கணும். தண்ணி சூடானா பெருக்கும். ஆவி வரும். அது போறதுக்கு இது ஒண்ணுதான் வழி. கீழ வால்வு இருக்கு, தண்ணி திரும்பிப் போகாது. இதையும் அடைச்சா டேங்கு என்னாகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க." எத்தனை வீட்டில் இதைச் சொல்லியிருப்பார்? நானே நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

ஆனால் நம் ஊர் மாடி வெறும் மாடியா? வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் அவித்துக் காயப்போடுவது நம் மாடியில்தான். வடகம் பிழிவது அங்கேதான். உச்சி வெயிலில் அந்தக் குழாயின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். காய்ந்துகொண்டிருக்கும் புழுங்கல் நெல்லில் விழுந்தால் அந்த இடம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்து நாறும். உடனே வீட்டில் சத்தம். முதலில் துணியைத் திணிப்பார்கள். பிறகு தேங்காய் மட்டை. பிறகு குழாய்க்காரனைக் கூப்பிட்டு, "மூடி ஒண்ணு போட்டுடுங்க" என்பார்கள். நாமும் போட்டுவிடுகிறோம். ஐந்து நிமிட வேலை. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்.

அண்ணன் என்ன செய்வார் தெரியுமா? இரண்டு எல்போ வளைவு, மூன்று அடி குழாய். வென்ட்டை இன்னும் உயர்த்தி, வாயைத் திருப்பி, சொட்டு நீர் நெல்லில் விழாமல் மழைநீர்த் தூம்பில் விழும்படி செய்வார். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் நமக்குக் கிடையாது.

போன பங்குனியில் திருவிடைமருதூரில் ஒரு வீட்டில் இதே தகராறு. வீட்டுக்காரர் அண்ணனைக் கூப்பிட்டு மூடச் சொன்னார். அண்ணன் மறுத்தார். "மூடக் கூடாதுங்க. வியாழக்கிழமை வந்து ஒசத்தித் திருப்பி விட்டுடறேன்" என்றார். வீட்டுக்காரருக்கு வியாழக்கிழமை வரை பொறுமை இல்லை. திங்கட்கிழமை காலை வேறொரு ஆளைக் கூப்பிட்டு மூடிவிட்டார். அன்று சாயங்காலமே குடும்பத்தோடு மாயவரத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். வெந்நீரை எடுக்க ஆள் இல்லை. பங்குனி வெயில் இரண்டு நாள் டேங்கைக் காய்ச்சியது.

புதன்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் நெல் காயவைக்கும் வேலை பார்க்கும் அம்சம் என்ற பெண், வெளிப்பக்க மாடிப்படி வழியாக நெல்லைத் துழாவிவிட ஏறினார். டேங்கின் பக்கவாட்டு மூட்டு விட்டுப்போனது. கொதிக்கிற தண்ணீர் அவருடைய முதுகிலும் இடது தோளிலும் அடித்தது. இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரி. இன்றைக்கும் அவரால் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. நாற்காலியில் சாய்ந்தால் முதுகு எரியும் என்று, அதோ, கடைசித் தூண் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சங்கம் விசாரணை வைத்தது. என்ன விசாரணை! வீட்டுக்காரர் வந்தார். "சோலார் மாட்டினது ரெத்தினம்தான். மூடியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். தன் வீட்டு மாடியில் வெந்து விழுந்த மனுஷியை ஒரு தடவைகூட ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்காத வாய் அது. அம்சமும் வந்தார், கட்டுப் பிரிக்காத தோளோடு வந்தார். "மூடி போட வந்தவரு ரெத்தினம் இல்லீங்க. நான் கீழ நெல்லு அவிச்சுக்கிட்டு இருந்தேன். முதுகுப் பக்கந்தான் பாத்தேன். ஆனா அது வேற ஆளு" என்றார். நாம் என்ன செய்தோம்? "தெரியாதத எல்லாம் எழுத முடியாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். யாரும் அவருக்கு ஒரு நாற்காலி போடவில்லை. பிறகு போண்டாவும் டீயும் வந்தன. சாப்பிட்டோம். போண்டா ஆறுவதற்குள் ரெத்தினம் அண்ணனை நீக்கிக் கடிதம் எழுதி முடித்தோம்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார், "நேரம் ஆகிறது" என்று. ஆகட்டும் தலைவரே. அன்றைக்குப் பத்து நிமிடத்தில் முடித்தோம். இன்றைக்குக் கொஞ்சம் கூட ஆகட்டும்.

நீக்கப்பட்ட மனிதர் என்ன செய்தார்? வீட்டில் முடங்கினாரா? நம்மைத் திட்டினாரா? தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் போனாலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மாடிகளையே பார்ப்பார். எந்தெந்த வீட்டில் ஏர் வென்ட் மூடியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினார். நாச்சியார்கோவில், குடவாசல், வலங்கைமான், எல்லாம் சேர்த்து முப்பத்தேழு வீடு. ஒவ்வொரு வீடாகப் போய் மூடியை அறுத்துவிட்டு, வென்ட்டை உயர்த்தித் திருப்பி விட்டார். அவர் மாட்டியதா, நாம் மாட்டியதா என்று பார்க்கவில்லை. சங்கம் நீக்கிய ஆளை மாடிக்கு விடமாட்டோம் என்றார்கள் சிலர். நாயை அவிழ்த்துவிட்டார் ஒருவர். மறுபடி போனார். மூன்றாம் தடவையும் போனார். இருபத்தொன்பது வீட்டில் முடித்தார்.

முப்பதாவது வீடு வலங்கைமானில். பெயரைச் சொல்லமாட்டேன். வீட்டுக்காரர் இரண்டாவது வரிசையில், பெரிய ரோஜா மாலையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். ஐயா, உங்கள் வீட்டு மாடிப்படி உள்ளே இருக்கிறது. புது கிரானைட். சேற்றுக் காலோடு ஒரு தொழிலாளி அதில் ஏறக்கூடாது. அதனால், ஐப்பசி மழையில் ஊறிக் கிடந்த மூங்கில் ஏணியை வெளியே சாத்தி, ஐம்பத்தெட்டு வயது மனிதரை அதில் ஏறச் சொன்னீர்கள். பாதியில் ஏணி வழுக்கியது. விழுந்தவர் பிறகு எழவே இல்லை. அகிலாண்டம் அக்கா போய்ச் சேர்ந்தபோது நீங்கள் முதலில் சொன்னது என்ன? "நாங்க கூப்பிடலைம்மா, அவராத்தான் வந்தாரு." அந்த மாலையை அண்ணன் படத்துக்குப் போட வேண்டாம். கையோடு வீட்டுக்கே கொண்டுபோங்கள். உங்கள் படிக்கட்டில் ஏறிப் போய், மூடியிருக்கும் அந்தக் குழாயில் மாட்டுங்கள்.

சத்தம் போடாதீர்கள். உட்காருங்கள். அவர்மேல் மட்டும் பாய்ந்து என்ன பிரயோஜனம்? இந்த மண்டபத்தில் அவரைவிடக் கேவலமான ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றிச் சொல்லாமல் நான் இறங்கினால், இதுவரை பேசியதெல்லாம் நாறிப்போகும்.

திருவிடைமருதூர் வீட்டில், அந்தத் திங்கட்கிழமை காலை, மூடியை மாட்டியது நான்.

ஆமாம். ஜாஃபர் சாதிக். சங்கத்தின் செயலாளர். ரெத்தினம் மூடக் கூடாது என்று சொன்னதை வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். "அவரு ரொம்ப ரூல் பேசுவாரு பாய், நீங்க போட்டுடுங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த வேலைக்கு ஓட வேண்டியிருந்தது. பைப் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி மூடியை அமுக்கிவிட்டு, என் வழக்கப்படி அதன்மேல் மார்க்கரால் தேதியும் எழுதிவிட்டு வந்தேன். விசாரணையில் அம்சம் "வேற ஆளு" என்று சொன்னபோது, அந்த வேறு ஆள் அவருக்கு எதிரே, பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கவனக்குறைவு" என்று எழுதியது இந்தக் கைதான். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இந்த ஏழு மாதமும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த அருவருப்பு இருந்தது. இருந்தும் வயிறாரச் சாப்பிட்டேன்.

அண்ணனுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? தெரியும். விபத்து நடந்த மறுநாளே அந்த மாடிக்குப் போய், சிதறிக் கிடந்த நெல்லுக்குள்ளிருந்து, டேங்கோடு முறிந்து விழுந்த வென்ட் குழாயின் மூடியைத் தேடி எடுத்துவிட்டார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? நேரே என் வீட்டுக்கு வந்தார். என் மகள் ஹுமைராவுக்கு நிக்காஹ் வைத்திருந்த நேரம். மூடியை என் முன்னால் வைத்தார். "மாப்பிள்ளை வீட்டுல தெரிஞ்சா பிரச்சினை ஆயிடும். கல்யாணம் முடியட்டும். முடிஞ்சதும் நீயே போய்ச் சொல்லிடு ஜாஃபரு. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார். விசாரணையில் வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தார். அகிலாண்டம் அக்காவோடு வந்து, பிரியாணி சாப்பிட்டு, மணமக்களை வாழ்த்திவிட்டுப் போனார்.

கல்யாணம் முடிந்தது. நான் சொல்லவில்லை. வைகாசி போனது, ஆடி போனது. ஒரு நாள் போன் செய்தார். "சொல்றது இருக்கட்டும். மத்த வீட்டு மூடியையாவது கழட்டுவோம், வா. ஏணி புடிக்க ஆளு வேணும்" என்றார். வேலை இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவர் போன் வந்தால் எடுக்கவில்லை. வலங்கைமானில் அந்த ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை. பிடித்திருக்க வேண்டிய நான் அன்று கும்பகோணத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

இரங்கல் கூட்டமென்றால் கடைசியில் உறுதிமொழி எடுக்க வேண்டும். அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டுக் கலைவோம். அந்தச் சடங்கு இன்று வேண்டாம். எட்டு வீடு பாக்கி இருக்கிறது. அக்கா அந்த நோட்டை என்னிடம் கொடுத்தால் நாளை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறேன். என்னை நம்பிக் கொடுக்க மனம் வராவிட்டால், பின்வரிசையில் நிற்கும் தோழர்கள் யாராவது வாங்கிக்கொள்ளுங்கள். நான் கூட வந்து ஏணி பிடிக்கிறேன். செயலாளர் பதவியை இந்த நிமிடத்தோடு விடுகிறேன். நீக்க வேண்டிய பெயர் என்னுடையது.

நேற்று ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பிரதி இன்று காலை திருவிடைமருதூர் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். இரண்டாவதை, மலர்வளையத்தை எடுத்துவிட்டு, அந்தப் பலகையில் பழைய கடிதத்தைக் கிழித்து ஒட்டப்போகிறேன். மூன்றாவது அகிலாண்டம் அக்காவுக்கு. வாசிக்கிறேன்.

"ஜாஃபர் சாதிக் ஆகிய நான், திருவிடைமருதூர் வீட்டு ஏர் வென்ட் குழாயை மூடினேன். மூடக் கூடாது என்று ரெத்தினம் சொன்னது தெரிந்தே மூடினேன். அதனால் அம்சத்தின் உடல் வெந்தது. அம்சம் விசாரணையில் சொன்னது உண்மை. ரெத்தினத்தின் மேல் நான் எழுதியது பொய்."

அக்கா, மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. உங்கள் காலடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

என்ன சொல்கிறீர்கள் அக்கா? இருங்கள். அக்கா பேசியது பின்னால் கேட்டிருக்காது. நானே திருப்பிச் சொல்கிறேன். "என் புருசன் எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியும் தம்பி. காயிதம் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. உண்மையச் சொன்னதுக்கு நீங்கள்லாம் வெரட்டி விட்டீங்களே, அம்சம், அதுக்கிட்ட மொதல்ல குடுங்க" என்கிறார்.

சரி அக்கா. கொஞ்சம் வழி விடுங்கள் தோழர்களே. நான் கீழே இறங்கி வருகிறேன். அம்சம் நிற்கும் இடத்துக்கு நான்தான் போக வேண்டும். யாராவது ஒருவர் அவருக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போடுங்கள்.